அரையும் அரையும்

சுமந்து வந்த பலாப்பழத்தை இறக்கிவைத்த சித்தன் வேர்வையைக்கூடத் துடைக்கவில்லை. "கௌரிய எம்பையனுக்குக் கேட்டு வந்திருக்கறேன் புள்ள" என்றான். தங்கை புஷ்பலதா மகள் இருந்த உள்ளறைப் பக்கம் பார்த்தாள். கூடப்பிறந்தவன் முறைப்பெண் கேட்டு வாசலில் நிற்கும்போது முடியாதென்று சொல்கிற வாய் தலைச்சோலை ஊரில் எந்தத் தங்கைக்கும் இருந்ததில்லை. சொல்லிவிட்டால் நல்லது கெட்டதுக்கு அவன் படியேற மாட்டான். கௌரிக்கோ அவன் மகன் வெங்கடேஷ் என்றால் உயிர். கதவுக்குப் பின்னால் அவள் நிற்பது தெரிந்தது.

"மொதல்ல காப்பி குடிங்கண்ணா."

"குடிக்கறது கெடக்குது. கேம்ப்ல ரத்தம் எடுத்தாங்கல்ல, அதுல வெங்கடேசுக்கு அரிவாள் செல் நோவு முழுசா இல்லாம அரை மட்டும் இருக்குதுன்னுட்டாங்க. கல்லாட்டம் இருக்கறான், அவனுக்கு என்ன நோவு? கௌரிக்கும் அரைதானாமா, அவன்கிட்டச் சொல்லியிருக்கறா. ரெண்டும் சரிசமம்! நாளைக்கு ஒருத்தர ஒருத்தர் கொற சொல்ல முடியாது பாரு."

ஜாதகம் பொருந்திவிட்ட மாதிரி சிரித்தான் அந்த மகராசன். அவனைச் சொல்லி என்ன? இவளும் புருஷனும் சொந்தத்தில் முறைக்குக் கட்டிக்கொண்டவர்கள்தான். இரண்டு பேரும் எஸ்டேட்டில் மூட்டை சுமந்தவர்கள், ஒரு நாள் காய்ச்சலென்று படுத்ததில்லை. பிள்ளை கோகுல் மட்டும் பனி இறங்கினால் கை கால் வீங்கி, எலும்பை நொறுக்குதும்மா என்று அலறுவான். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது மலைப்பாதை வளைவில் அவன் அழுகை நின்றது. வலி விட்டுவிட்டதென்றுதான் நினைத்தாள், பாவி. கொஞ்சதூரம் அவன் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"அண்ணா, நானும் அவரும் ஆளுக்கு அரைதானுங்க" என்றாள். "ரெண்டு பேரு அரையும் சேந்துதான் கோகுலுக்கு முழுசா வந்துச்சு. ஒவ்வொரு பொறப்புக்கும் வந்தாலும் வருமாம், வராமயும் போகுமாம். கேம்ப்ல டாக்டரம்மா சொன்னாங்க."

சித்தன் சிரிப்பு அடங்கிவிட்டது. "காத்து கருப்புன்னுல்ல இருந்தோம்?"

"நானும் அப்படித்தானுங்க இருந்தேன்."

அவன் யாராவது கேட்கிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சரி கண்ணு. உம்பட புள்ளயப் பத்தி நான் வாயத் தொறக்கல. எம்பையனப் பத்தி நீ தொறக்காத. ரெண்டுக்கும் வெளிய எடம் பாத்துக்கலாம்."

வெளியே என்றால் எங்கே? இதே மலை, இதே சொந்தபந்தம். அங்கேயும் எவளோ ஒருத்தி அரையோடுதான் இருப்பாள். எல்லாம் புஷ்பலதாவுக்குத் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டினாள். நெஞ்சுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது, அதுதான் கொடுமை.

கதவை இடித்துக்கொண்டு கௌரி வெளியே வந்தாள். இரண்டு பேரையும் பார்க்காமல் நேரே ரோட்டுக்கு இறங்கினாள். அங்கே வெங்கடேஷ் அப்பனுக்காக வண்டியோடு காத்திருந்தான். சாயங்கால எஸ்டேட் பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வெங்கடேசு, உனக்கும் அரை, எனக்கும் அரை! நாம கட்டிக்கிட்டா இன்னொரு கோகுலு பொறந்தாலும் பொறப்பான்!" அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. அந்தப் பையன் சாமி குத்தத்துல சாகல. எங்க ரத்தத்துல இருந்துதான் வந்துச்சு. உங்கள்லயும் இருக்கும், போயிப் பாத்துக்குங்க!"

"ஐயோ, அவ வாயப் பொத்து புள்ள!" சித்தன் பதறினான். புஷ்பலதா எழுந்தாள். ஆனால் மகளைத் தடுக்கப் போகவில்லை.

வெங்கடேஷ் வண்டியைப் பிடித்தபடியே நின்றான். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பஸ் புறப்பட்டுப் போனது. இறங்கியவர்களில் ஒருத்தியான மருதாயி இடுப்பிலிருந்த குழந்தையை முன்னால் திருப்பி, மங்கிய வெளிச்சத்தில் அதன் கீழிமையை விரலால் மெல்ல இழுத்து, ரத்தமில்லாமல் வெளுத்திருக்கிறதா என்று பார்த்தாள்.