பக்கத்துத் தடத்தில் சம்பந்தியம்மா

என் அம்மாவும் என் மாமியாரும் எங்கள் கல்யாணம் முடிந்து ஒரு வருடம்வரை ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் ஒரு போட்டோ. குடும்பம் முழுக்க நின்று எடுத்த பெரிய படத்தில் அம்மாவின் முகம் பாதிதான் விழுந்திருந்தது. மீதியை மாமியாரின் தோள் மறைத்துவிட்டது.

"வேணும்னே முன்னாடி வந்து நின்னாங்க" என்றாள் அம்மா.

"போட்டோக்காரர் நிக்கச் சொன்ன இடத்துலதான் நின்னேன்" என்றார் அத்தை.

நானும் என் கணவரும் இரண்டு பக்கமும் தலையாட்டியே கழுத்து சுளுக்கிக்கொண்டோம்.

அம்மா சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தாள். நாள் முழுக்கக் குனிந்து, கனத்த துணியைச் சட்டத்தின் மேல் இழுத்துப் பிடித்து ஆணி அடிக்கிற வேலை. ஐம்பத்தைந்து வயதுக்குள் முதுகு பலகை மாதிரி இறுகிவிட்டது. அத்தை பஸ் டிப்போவில் டைம் கீப்பர். வாசலை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது திரும்பியது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் தாமதம் என்றால் ஓட்டுநரைக் குடைந்து எடுத்துவிடுவார். அம்மாவைவிட மூன்று வயது மூத்தவர். உட்கார்ந்தே இருந்து முழங்கால் பிடித்துக்கொண்டதில், எங்கள் வீட்டு மாடிக்கு வருவதற்குள் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்.

அந்தச் சமயத்தில் என் அலுவலகத்தில் நகர நீச்சல் குளத்துக்கு இரண்டு பேர் போகும்படி ஒரு வருட பாஸ் கொடுத்தார்கள். நான் வயிற்றுப் பிள்ளைக்காரி. டாக்டர் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். என் கணவருக்கோ மாறி மாறி ஷிப்ட். பேச்சுவாக்கில் இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஐயோ, வீணாப் போகுமே! எங்கிட்ட கொடு, நான் போறேன். முதுகுக்கு நல்லதுன்னு சொல்றாங்க" என்றாள். அன்று மாலையே அத்தையிடமும் சொன்னேன். "எதுக்கு வீணாக்கறே? என் முட்டிக்கு அதுதான் மருந்தாம்" என்றார். ஒருவர் போவது இன்னொருவருக்குத் தெரியாது. தெரிந்தால் யாராவது ஒருவர் போக மாட்டார் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை குளத்தின் வாசலில் ஆளுக்கொரு துண்டுப் பையோடு இருவரும் நேருக்கு நேர் வந்து நின்றார்களாம்.

"நீங்களா?" என்றாள் அம்மா.

"ஏன், நான் வரக் கூடாதா?" என்றார் அத்தை.

வந்த வழியே திரும்பினால் தோற்ற மாதிரி ஆகிவிடும். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே நீச்சல் பழக்கம். ஆனால் தண்ணீரில் இறங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. குளத்தின் ஒரு நீளம் போவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அத்தைக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆறு வயதுப் பிள்ளைகளோடு ஆழமில்லாத பக்கத்தில் நின்று, தண்ணீருக்குள் முகத்தை வைத்து குமிழி குமிழியாக மூச்சுவிடக் கற்றுக்கொண்டார். "அந்தப் பசங்க என்னைப் பார்த்து 'பயப்படாதீங்க ஆன்ட்டி'ன்னு சொல்லுதுங்க" என்று என்னிடம் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

குளத்துப் பயிற்சியாளர் ஒரு பெண். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் என்பதால் எல்லோரும் அவரை விசிலக்கா என்றே கூப்பிட்டார்கள். ஒரு மாதம் கழித்து இருவரையும் நிறுத்தி வைத்து அவர் சொன்னதை அம்மா என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்.

"உங்க வயசுல வேகம் குறையறது ஒரு கஷ்டமே இல்ல. விட்டுட்டுத் திரும்பி வர்றீங்க பாருங்க, அதுதான் கஷ்டம். சின்னப் பசங்க ரெண்டு வாரம் விட்டா நாலு நாள்ல புடிச்சிடுவாங்க. உங்களுக்கு ரெண்டு மாசம் ஆகும். அதனால விடாதீங்க. முடியலன்னா பாதி பண்ணுங்க. பாதியும் முடியலன்னா வந்து நனைஞ்சுட்டாவது போங்க."

இதைக் கேட்டு அவர்கள் ஞானம் பெற்றுவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வருடம் அவர்களைக் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனது வீம்பு. ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல், போகவில்லை. அத்தை எனக்குப் போன் செய்து, "என்ன, உங்கம்மா நிறுத்திட்டாங்களா?" என்று ஒரு மாதிரி கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் விடிந்தும் விடியாததுமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு அம்மா குளத்து வாசலில் நின்றாள். தண்ணீரில் ஒரு முழுக்கு, துவட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். வந்து நனைந்துவிட்டுப் போன கணக்கு.

மகள் பிறந்தாள். அவள் நடந்தாள், பேசினாள், பள்ளிக்கூடம் போனாள். பாஸ் எப்போதோ காலாவதியாகி, அவர்களே புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். வாரத்தில் நான்கு காலை குளம். மற்ற நாளில் கைகாலுக்கு வலுவூட்டும் பயிற்சி. அதற்காக அம்மா பட்டறையிலிருந்த தடித்த ரப்பர் பட்டையில் ஆளுக்கு ஒன்று வெட்டி, ஓரம் தைத்து எடுத்து வந்தாள். அத்தை அதை வாங்கி, தையலை ஒருமுறை இழுத்துப் பார்த்து, "கெட்டியாத்தான் இருக்கு" என்றார். அம்மா அந்தப் பாராட்டை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு குளிர்காலத்தில் வெந்நீர் இயந்திரம் பழுதாகிக் குளத்தில் கூட்டமே இல்லை. "நேத்து குளமே காத்தாடுச்சு. நாங்க ரெண்டு பேரும், விசிலும்தான்" என்றார் அத்தை. அவர் 'நாங்க' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

மூன்றாவது வருடம் அத்தையின் வலது தோள் கிழிந்தது. தசைநாரில் கிழிசல் என்றார் டாக்டர். மூன்று மாதம் கையைத் தூக்கவே கூடாது. அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "விடுங்கம்மா, இந்த வயசுல இவ்ளோ பண்ணதே பெரிசு" என்று என் கணவர் ஆறுதல் சொன்னார். அத்தை அவரை முறைத்த முறைப்பில் அவர் தட்டோடு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அத்தை வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினார். டாக்டர் கையைத்தானே அசைக்கக் கூடாது என்றார், கால் இருக்கிறதே என்பது அவர் வாதம். விசிலக்கா டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, இடது கையால் மட்டும் பிடிக்கும்படி ஒரு மிதவைப் பலகையைக் கொடுத்தார். வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, காலை மட்டும் உதைத்துக்கொண்டு, தெப்பம் மாதிரி மெல்ல மெல்லப் போனார் அத்தை. பக்கத்துத் தடங்களில் எல்லோரும் அவரைக் கடந்து பறந்தார்கள். அவர் எதிர்ச் சுவரைத் தொடுவதற்குள் அம்மா மூன்று முறை போய் வந்துவிடலாம்.

அம்மா ஒரு முறைதான் போய் வந்தாள். பிறகு தண்ணீரைவிட்டு ஏறி, தானும் ஒரு பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"உங்களுக்கு எதுக்கு இது? உங்க தோள் நல்லாத்தானே இருக்கு?" என்றார் அத்தை.

"என் காலு பலமே இல்லன்னு விசில் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க" என்றாள் அம்மா.

விசிலக்கா அப்படி ஒருநாளும் சொன்னதில்லையாம். மூன்று மாதமும் இரண்டு பலகைகள் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் போய்ப் போய் வந்தன. கை ஓய்ந்திருந்த அந்த நாட்களில் தலை தண்ணீருக்கு மேலேயே இருந்ததால், இருவரும் முதல் முறையாக மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்கள். என்ன பேசினீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "உன் புருஷனைப் பத்தித்தான். சின்ன வயசுல ரொம்பப் படுத்தி எடுத்திருக்கான்" என்றாள் திருப்தியோடு.

ஐந்தாவது வருடம், ஏரியைக் குறுக்கே கடக்கும் நீச்சலுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார் விசிலக்கா. மூன்று கிலோமீட்டர். பிடித்துக்கொள்ளச் சுவர் கிடையாது. அம்மாவுக்கு அறுபது, அத்தைக்கு அறுபத்து மூன்று. எட்டு மாதம் தயாரானார்கள். வாரா வாரம் கொஞ்சம் தூரம் கூட்டுவார்கள். நான்காவது வாரம் வேண்டுமென்றே குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுப்பார்கள். குறைக்கிற வாரத்தில்தான் இருவருக்கும் கோபம் வரும்.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் எதிர்க் கரையில் போர்வையும் சுடுதண்ணீர் பிளாஸ்க்குமாகக் காத்திருந்தோம். ஏரி நடுவில் நடந்ததை, சின்னப் படகில் கூடவே போன விசிலக்கா பிறகு எங்களுக்குச் சொன்னார்.

பாதி தூரத்தில் காற்று எழுந்தது. அத்தை நல்ல வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த அம்மா, மூச்செடுக்கத் தலையைத் திருப்பிய நேரத்தில் ஓர் அலை முகத்தில் அடித்தது. தண்ணீர் உள்ளே போய்விட்டது. இருமல், பயம், மூச்சுத் திணறல். கைகால் தாறுமாறாக அடித்துக்கொண்டது. விசிலக்கா படகைக் கிட்டே கொண்டுபோய், "ஏறிக்கிறீங்களா?" என்று கேட்டார். ஏறினால் அதோடு போட்டி முடிந்தது. அம்மா கையைத் தூக்கப் போனாள்.

அதற்குள் முன்னால் போன தலை திரும்பிவிட்டது. தாமதத்தைப் பொறுக்காத டைம் கீப்பர், வந்த தூரத்தை அந்தக் காற்றிலேயே திரும்ப நீந்தி வந்தார்.

"இந்தா, என்னைப் பாரு. மல்லாக்கப் படு. தலையைப் பின்னாடி விடு. மூச்சை இழுக்காத, முதல்ல வெளிய விடு. விடு... ஆங், அப்படித்தான்."

இத்தனை வருடத்தில் அத்தை அம்மாவை ஒருமையில் கூப்பிட்டதே இல்லை.

"என்னால முடியலக்கா" என்றாள் அம்மா. அவளும் அதற்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"கரையைப் பார்க்காத. அதோ ஒரு ஆரஞ்சு மிதவை தெரியுதா? அதுவரைக்கும் வா. அங்க போய் ஏறணுமா வேணாமான்னு முடிவு பண்ணிக்கலாம்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்து மிதந்தார்கள். பிறகு அம்மா புரண்டு கையை வீசினாள். ஆரஞ்சு மிதவையில் முடிவு எடுக்கவில்லை. அடுத்த மிதவை வரை பார்க்கலாம் என்றார் அத்தை. அதற்கடுத்ததிலும் அதையே சொன்னார். அத்தை காற்று வருகிற பக்கமாகவே நீந்தி, அலையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாராம். கிழிந்து ஒட்டிய அதே தோள்.

நாங்கள் பார்த்தது இரண்டு நீச்சல் தொப்பிகளை மட்டும்தான். மற்ற எல்லோரும் கரையேறி, பாதிப் பேர் உடை மாற்றிக் கிளம்பிவிட்டார்கள். இரண்டு தொப்பிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் வந்தன. அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. அத்தைக்கு முழங்கால் நிற்கவில்லை. என் கணவர் தண்ணீருக்குள் ஓடிப்போய் இருவரையும் தாங்கிக்கொண்டார். கடைசி இடம் யாருக்கு என்று நேரம் குறிப்பவர்களுக்குள் குழப்பம்.

"எனக்குப் போடுங்க. அவங்க ஒரு கை முன்னாடி வந்தாங்க" என்றார் அத்தை. வாழ்க்கையில் அவர் தெரிந்தே சொன்ன ஒரே தவறான நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

பிளாஸ்க்கைத் திறந்து முதல் கோப்பையை அம்மாவிடம் நீட்டியபோது, "குடிங்க, சூடா இருக்கு" என்றார். கரைக்கு வந்ததும் 'நீங்க' திரும்ப வந்துவிட்டது. அம்மா மட்டும் அன்றிலிருந்து 'அக்கா'வை விடவில்லை.

ஒரு நாள் விட்டு, செவ்வாய்க்கிழமை காலை, இருவரும் குளத்தில் இருந்தார்கள்.

அதன் பிறகு நான்கு முறை ஏரியைக் கடந்தார்கள். ஒரு வருடம் பாதியில் படகில் ஏறினார்கள். அதற்காக யாரும் அழவில்லை. இப்போது அத்தைக்கு எழுபது. டிப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். எங்கள் மாடிக்கு நிற்காமல் ஏறி வந்து, கதவைத் தட்டிவிட்டு, மூச்சு வாங்காமல் என் குறைகளைச் சொல்கிறார். அம்மா இன்னும் பட்டறையில் ஆணி அடிக்கிறாள். இருவருமே முன்னைவிட மெதுவாகத்தான் நீந்துகிறார்கள். டாக்டர் அத்தைக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதிக்கொடுத்தபோது, "நாடித்துடிப்பு மட்டும் நாற்பது வயசுக்காரங்களுது மாதிரி இருக்கு" என்றாராம். அத்தை அதை அம்மாவிடம் சொல்ல, அம்மா அன்றே போய்த் தன் நாடியையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

போன வாரம் அலுவலகம் போகிற வழியில் குளத்துக்குப் போய்ப் படிவரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா துணி இழுக்கிற மாதிரியே தண்ணீரையும் இழுக்கிறாள், தோளிலிருந்து, அழுத்தமாக. அத்தையின் வலது கை இடது கை அளவுக்கு உயர்வதில்லை. ஆனால் ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கொஞ்சமும் மாறவில்லை. ஒரு நீளம், இன்னொரு நீளம். அவசரமே இல்லை. தண்ணீர்கூட அதிகம் தெறிக்கவில்லை. மணியைப் பார்க்கவே மறந்துபோனேன்.

முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, ரெண்டு நீளம் குறையுது உங்களுக்கு" என்றாள் அம்மா.

"என் கணக்கை நீங்க ஏன் எண்றீங்க?"

"எண்ணலன்னா தூக்கம் வருது."

அத்தை நீச்சல் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார். "சரி, வாங்க. தனியாப் போகச் சொல்லாதீங்க" என்றார். இருவரும் சுவரை உதைத்துக் கிளம்பினார்கள்.