அக்காவுக்கு இடம்

எங்கள் ராக் ஆல்பத்தின் இருபது நிமிடப் பாட்டில் வயலின் வாசிக்க, விருந்தாளியாக என் அக்காவையே கூப்பிட்டுத் தொலைத்தார்கள். நாங்கள் முகங்கொடுத்துப் பேசி நான்கு வருடமாகிறது.

ஒத்திகையில் என் கிட்டாரை ஹெட்போனில் கேட்டபடியே வாசித்தாள். முடிந்ததும் குழுவே எழுந்து கைதட்டியது.

"டேப்புல எல்லா டிராக்கும் நிரம்பிடுச்சு, வயலினுக்கு இடமில்ல. உங்க கிட்டார அழிச்சிட்டு, அது மேலதான் அக்காவப் பதியணும்," என்றார் ஒலிப்பதிவாளர்.

பதினோரு நாள் மல்லுக்கட்டி வாசித்தது அது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பதிவு பட்டனை நானே அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

அக்காவின் வில் பாதியில் நின்றது. பதிவறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்தாள்.

"தம்பி, உன் கிட்டார் எங்கடா? அதுக்குத்தானே நான் பதில் சொல்லிட்டிருந்தேன்?"