இருநூற்றிருபது பல்

மகரீட்டாவுக்கு மருமகன் ரியான் மேல் சந்தேகம் வந்தது, அவன் அலமாரிப் பூட்டைச் சரிசெய்து கொடுத்த வாரம். அதற்கு முன்பும் அவனைப் பிடித்திருந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அலமாரியில் இருந்தது, இறந்துபோன கணவர் விட்டுச்சென்ற, தென்னாப்பிரிக்க அரசின் க்ரூகர் தங்கக் காசு. முதலீட்டுக்கு அடிக்கும் சாதாரணக் காசு அல்ல. சேகரிப்பவர்களுக்கென்று முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பாக அடித்தது. இப்போது அது மங்கிக் கிடந்தது. சாதாரணக் காசை வைத்து ரியான் மாற்றிவிட்டான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். மகள் எல்னா அழுதும் பிடிவாதம் குறையவில்லை.

"மாறியிருந்தா நீ என் வீட்டுப் படி ஏறக்கூடாது," என்றாள்.

"மாறலைன்னா நானே ஏற மாட்டேம்மா," என்றான் ரியான்.

சனிக்கிழமை காலை இருவரும் பிரிட்டோரியாவில் காசு வியாபாரி லெவின்சனின் கடைக்குப் போனார்கள்.

லெவின்சன் பூதக்கண்ணாடி வைத்து விளிம்பின் பற்களை எண்ண ஆரம்பித்தார். சாதாரணக் காசுக்கு நூற்றறுபது, சேகரிப்புக் காசுக்கு இருநூற்றிருபது. மகரீட்டாவும் வீட்டில் ஊசிமுனையால் எண்ணிப் பார்த்தவள்தான். தொண்ணூறிலேயே கணக்கு தப்பிவிட்டது.

"இருநூத்தி இருபது. அதே காசுதான், டான்னி," என்றார் அவர், அந்த ஊர் வழக்கப்படி அவளை மரியாதையாக அத்தை என்று அழைத்து. "ஆனா முகத்தை யாரோ தேய்ச்சுத் தேய்ச்சுப் பாழாக்கியிருக்காங்க. துணி பட்ட கீறல். இனி இது தங்க எடைக்குத்தான் போகும். யார் செஞ்சது?"

ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்து வந்ததும், காசு பத்திரமாக இருக்கிறதா என்று உறையிலிருந்து எடுத்து, வெள்ளி துடைக்கும் துணியால் மகரீட்டாதான் துடைப்பாள். ஏழு வருஷமாக. அதை ஜன்னல் வழியாக ரியான் பார்த்திருக்கிறான். இப்போது அவன் வாயே திறக்கவில்லை. அவன் ஒரு வார்த்தை சொன்னால் பழி அவள் தலையில் விழும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"நான்தான்," என்றாள்.

கார் அருகே வந்ததும், "நாளைக்குச் சாப்பிட வந்துடுப்பா," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

ரியான் அவளுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

"வர்றேன். ஆனா அந்தத் துணியை முதல்ல எங்கிட்ட குடுத்துடணும்."