தேனில் கலந்த சொட்டுகள்

அந்த ஜனவரியில் எவால்டுக்கு இரண்டு காலுறைகளை மாட்ட அரை மணி நேரம் ஆனது. ஒரு கால் முடிந்ததும் முழங்கைகளைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்து, சூடான சூப்பை ஊதுகிறவரைப் போல உதட்டைக் குவித்துக் குவித்து மூச்சு விடுவார். மறு காலுக்கு மனைவி ட்ரூடா குனிந்தால் காலை இழுத்துக்கொள்வார்.

முப்பத்தொரு வருஷம் பித்தோம் நகரத்துச் சுரங்கத்தில் கரி வெட்டியவர். போதாததற்கு தினம் ஒரு பாக்கெட் சிகரெட். அவருடைய நுரையீரலைக் கெடுத்தது கரித்தூளா புகையா என்று பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியவில்லை. கெட்டது கெட்டதுதான், இனி திரும்பாது என்றார்கள். படுக்கையறையில் ஆக்ஸிஜன் இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது. அதன் குழாய் கழிவறை வரை எட்டும். சமையலறை வாசலோடு தீர்ந்துவிடும்.

ஒரு நாள் காலை ஜன்னல் சட்டத்தைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"திற."

"வெளியில பூரா அடுப்புப் புகை, எவால்ட். இன்னும் மோசமாகும்."

"பரவால்ல... திற." இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டார். "சுரங்கத்துல மண்ணு சரிஞ்சு விழுந்தப்பகூட... இப்படி இல்ல. அப்ப வெளிய வந்துரலாம்னு... இருந்துச்சு."

ட்ரூடா ஜன்னலைத் திறக்கவில்லை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அழுது முடித்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கீழ்வீட்டு ரூஃபின் முட்டிவலிக்குச் சி.பி.டி. எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தார். கஞ்சாச் செடியின் எண்ணெய்தான், ஆனால் போதை ஏறாது. "நுரையீரலுக்கும் நல்லதுன்னு இன்டர்நெட்ல போட்டிருக்கான்," என்று மாடிப்படியில் வைத்து அவர் சொன்னது அவள் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது.

அந்த எண்ணெய் விற்கும் கடைக்குத்தான் நேராகப் போனாள். கடைப்பெண் நல்லவள். "அம்மா, இது மருந்து இல்ல. மூச்சுக்கு கேக்கும்னு நான் சொல்லக் கூடாது. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கிக்கங்களேன்," என்றாள்.

"டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்கம்மா. நீயும் விரிக்காத. குடு."

எவால்டிடம் சொன்னால் சிரிப்பார், சிரித்தால் இருமுவார், இருமினால் ஒரு மணி நேரம் போகும். அதனால் காலையில் இருமலுக்குக் கொடுக்கும் ஒரு கரண்டித் தேனில் நாலு சொட்டு விட்டுக் குழைத்தாள். அவர் விழுங்கினார். முகம் லேசாகச் சுளித்தது.

மூன்றாம் நாள், "இன்னிக்குக் கொஞ்சம் லேசா இருக்கு," என்றார்.

ட்ரூடா கையிலிருந்த தட்டை மெல்ல மேஜையில் வைத்தாள். மறுநாள் ஆறு சொட்டு. அதற்கடுத்த வாரம் பத்து. எவால்ட் குழாயைக் கழற்றிவிட்டுச் சமையலறை வரை வந்து, "என்ன கிழவி, மறுபடியும் முட்டைக்கோஸா?" என்றார். பகலில் அதிகமாகத் தூங்கினார். நல்ல ஓய்வு, உடம்பு தேறுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். மூன்று மாதமாகத் தொலைந்திருந்த உறக்கம் அவளுக்கும் திரும்பி வந்தது. பாத்திரம் துலக்கும்போது தன்னை அறியாமல் முணுமுணுவென்று பாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் தேவாலயத்துக்குக் கிளம்பியபோது அவரும் கோட்டோடு நின்றார்.

"வாசல் வரைக்கும் வரேன். பனி பார்த்து எவ்வளவு நாளாச்சு."

மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மூன்று வாரம் முன்பென்றால் குறுக்கே படுத்துத் தடுத்திருப்பாள். அன்று எண்ணெயை நம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மாதிரி இறங்கிவிட்டார். வாசலில் பனியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். ஏறும்போது முதல் திருப்பத்தில் நின்றார். உதடு நீலமாகியிருந்தது. கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு அப்படியே சரிந்து படியில் உட்கார்ந்தார். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது, காற்று உள்ளே போகவில்லை. ட்ரூடா கத்திய கத்தலில் ரூஃபின் செருப்பில்லாமல் ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தன் கணவரின் முகத்துக்கு நேரே ஜெபப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹானிஷ் என்ற பெண் மருத்துவர், "வேற என்ன மருந்து சாப்பிடுறார்?" என்று கேட்டார். ட்ரூடா கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினாள்.

"நான்தான் குடுத்தேன். அவருக்குத் தெரியாது. நான் கொன்னுட்டேனா டாக்டர்?"

"இல்ல. சாய்ச்சது மாடிப்படி. ஆனா இது தூக்கம் குடுக்கும், மத்த மாத்திரையோடயும் மோதும். இவர் நிலைமையில அளவு மீறின தூக்கம் ஆபத்து. மூச்சுத்திணறல் இதுல குறையுதுங்கிறதுக்கு நம்பகமான ஆதாரம் இதுவரைக்கும் இல்லம்மா. கேக்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"அவரேதான் சொன்னார்."

மறுநாள் மதியம், சூப்புக்காக ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்றியபோது எவால்ட் அவளைப் பார்த்தார்.

"முதல் நாளே தெரியும். தேன்ல... வைக்கோல் வாசனை எங்கேருந்து வரும்?"

"தெரிஞ்சா ஏன் சொல்லல? லேசா இருக்குன்னியே!"

"எனக்கு ஒரு மண்ணும் லேசாகல." மூச்சு வாங்கியது. "நீ பாடினே, ட்ரூடா. தூங்கினே. அதை எப்படிக் கெடுக்கச் சொல்றே?"

"அதுக்காக மூணு மாடி இறங்குவியா? செத்துத் தொலைஞ்சிருந்தா?" அவள் கரண்டியைச் சூப்பில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்துத் திரும்பி, ஆறிப்போன சூப்பையே ஊட்டினாள்.

பதினோரு நாள் கழித்து அனுப்பினார்கள். நோய் இன்னும் ஒரு படி முற்றியிருந்தது. இனி இயந்திரத்தைக் கழற்றவே கூடாது. மூச்சை அளந்து விடப் பழக்குவதற்கு வாரம் இருமுறை ஒரு பெண் வீட்டுக்கு வருவாள் என்று டாக்டர் ஹானிஷ் ஏற்பாடு செய்தார். முகத்துக்கு நேரே வைத்துக்கொள்ள உள்ளங்கை அளவு மின்விசிறி ஒன்றும் வாங்கச் சொன்னார். அவ்வளவுதான். ரூஃபினும் அவர் மருமகனும் எவால்டை நாற்காலியோடு மூன்று மாடி தூக்கினார்கள். "கரிமூட்டையே தேவலாம் போல," என்று ரூஃபின் வழியெல்லாம் முனகினார்.

அவர்கள் போன பிறகு ட்ரூடா கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"இனிமே எங்கிட்டப் பொய் சொல்லாத. எப்படி இருக்கு?"

அவர் யோசிக்கவில்லை. "மோசமா இருக்கு. பயமா இருக்கு."

அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கும்தான்," என்றாள்.