தாவீதின் இரண்டு பிள்ளைகள்

யோசியாஸ் வீட்டில் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கத் தட்டு காலியானால் மட்டும் போதாது. வேதத்தில் ஓர் அதிகாரம் வாசித்து முடித்தாக வேண்டும். பிடித்த இடத்தைத் தேடி எடுத்து வாசிக்கிற சோலியெல்லாம் அங்கே கிடையாது. ஆதியாகமத்தில் தொடங்கினால் வெளிப்படுத்தல் வரை ஒரு வரி விடாமல் போய், மறுநாள் மறுபடியும் ஆதியாகமம். குஷ்டரோகச் சட்டம் வந்தாலும் சரி, யாருக்கு யார் பிறந்தான் என்று நாக்கு சுளுக்கும் பெயர் வரிசை வந்தாலும் சரி, கேட்டுத்தான் ஆக வேண்டும். டச்சு மாகாணமான ஸேலாந்தின் அந்தக் களிமண் தீவில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். மற்ற வீடுகளில் அப்பன் வாசிப்பான், பிள்ளைகள் மேசைக்கடியில் ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளும். யோசியாஸ் வீட்டில் உதைக்கெல்லாம் நேரமில்லை. வாசித்து முடித்ததும் கேள்வி வரும்.

அவருக்கு அந்தப் பழக்கம் வெள்ளத்தில் வந்தது. கடல் அணையை உடைத்துக்கொண்டு வந்த வருஷம் அவருக்குப் பதினான்கு வயது. அம்மாவும் தங்கைகளும் போய்விட்டார்கள். அப்பாவும் அவரும் பரண் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள். அதற்குப் பிறகு ஆளாளுக்கு வந்து தலையைத் தடவி ஆறுதல் சொன்னார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. சித்தப்பா வீட்டு மூலையில் உட்கார்ந்து யோபுவின் புத்தகத்தை வாசித்தபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு மனுஷன் கடவுளை நேருக்கு நேர் நிறுத்தி ஏசுகிறான், அந்த ஏச்சைக் கடவுளே அழிக்காமல் தன் புத்தகத்தில் விட்டுவைத்திருக்கிறார். இதை மேலோட்டமாகப் படிக்கிறவனுக்குத் தெரியாது, ஊன்றிப் படித்தவனுக்குத்தான் தெரியும் என்று அன்றைக்கு அவர் மனதில் விழுந்தது. பிறகு அவருடைய விசுவாசம் ஒருநாளும் ஆடியதில்லை.

அவர்கள் சபைக்குப் போதகர் கிடையாது. ஞாயிறுதோறும் மூப்பர்களில் ஒருவர் பழைய பிரசங்கப் புத்தகத்தை எடுத்து வாசிப்பார், பெரும்பாலும் யோசியாஸ்தான். வசனத்தில் சந்தேகம் வந்தால் ஊரே அவரிடம்தான் வரும். அவர் பதில் தெரிந்தால் சொல்வார், தெரியாவிட்டால் தெரியாது என்பார். வேதத்தில் இல்லாததை இருப்பதாகச் சொன்னார் என்று அவரை ஒருத்தரும் சொல்ல முடியாது.

ஒரே மகன் மரினுஸ் அப்பனைப் போலவே இருந்தான். அதுதான் வினை. பதினைந்து வயதில் ஒருநாள் சாப்பாடு முடிந்ததும் அவன் கேட்டான்:

"அப்பா, தாவீது ராஜா ஜனங்களைக் கணக்கெடுத்தாருல்ல? சாமுவேல்ல கடவுளே அவரைத் தூண்டிவிட்டாருன்னு இருக்கு. நாளாகமத்துல சாத்தான் தூண்டுனான்னு இருக்கு. யாருதான் தூண்டுனது?"

பெருமையில் யோசியாஸுக்குத் தலைகால் புரியவில்லை. கடவுள் அனுமதித்தார், சாத்தான் செய்தான் என்று விளக்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு மூப்பரான டிங்கமானைப் பிடித்து, "என் பய என்ன கேட்டான் தெரியுமா?" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். வீட்டில் தீப்பிடித்ததை வெளிச்சம் வந்தது என்று ஊருக்குச் சொன்ன கதைதான். அதன்பின் கேள்விகள் நிறைய வந்தன. ஒரு கட்டத்தில் நின்றுபோயின. பையன் தெளிந்துவிட்டான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பதினெட்டு வயதில் ஒரு ஞாயிறு காலை அவன் படுக்கையை விட்டு எழவில்லை.

"எந்திரிடா, மணி அடிச்சாச்சு."

"நான் வரலப்பா."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. வரி விடாம வாசிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. வாசிச்சேன். அதான் வரல."

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அப்பனும் மகனும் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டுமே பேசினார்கள். நடுவில் நின்ற தாய் நெல்லா, இரண்டு பக்கமும் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

பீட்ரூட் அறுவடை நடக்கும் மாசத்தில் சாலையெல்லாம் வண்டிச் சக்கரம் கொண்டுவந்து போட்ட களிமண். அன்றும் ஞாயிற்றுக்கிழமை. ஊர் முழுக்கக் கோயிலுக்குள் இருந்தபோது, மரினுஸ் மொபெட்டை எடுத்துக்கொண்டு அணைச் சாலையில் போனான், சறுக்கினான், அணைச்சரிவின் கருங்கற்களில் போய் விழுந்தான். கோயில் வாசலுக்குப் போலீஸ்காரர் வந்து சொன்ன சேதியை டிங்கமான்தான் வாங்கினார். உள்ளே யோசியாஸ் பிரசங்கம் வாசித்துக்கொண்டிருந்தார். தேவ வசனத்தை இடையில் நிறுத்தக் கூடாது என்று, கடைசி ஆமென் வரைக்கும் டிங்கமான் சேதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த மரியாதை அது.

அடக்கத்திலும் அவர்தான் பேசினார். அந்தச் சபையில் யாரையும் எளிதாகப் பரலோகத்துக்கு அனுப்பிவிட மாட்டார்கள். ஆயுசு முழுக்க ஜெபித்த கிழவிகளைக்கூட 'நம்பிக்கை உண்டு' என்ற அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நெல்லா கறுப்புத் தொப்பிக்குக் கீழே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். டிங்கமான் இளைஞர்களைப் பார்த்து, "மனந்திரும்ப உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார். அவ்வளவுதான். பிறகு காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும். வந்தவர்கள் கையைப் பிடித்துக் கர்த்தருடைய வழிகள் ஆழமானவை என்றார்கள். பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் நெல்லா வாசிக்கத் தொடங்கினாள். அதுவரை அவள் கேட்கிறவள், அவ்வளவே. கேட்கும்போதே மனது நாளைய ரொட்டியில் இருக்கும். இப்போது பட்டப்பகலில், அடுப்பில் பீன்ஸ் வேக வைத்துவிட்டு, மேசை வேதாகமத்தைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தாள். பின்வாசல் வழியாக உள்ளே வரும் யோசியாஸ் அந்தக் குனிந்த தலையைப் பார்த்துவிட்டுப் பூட்ஸைச் சத்தமில்லாமல் கழற்றுவார். தன்னைத் தாங்கியது இவளையும் தாங்கும் என்று நினைக்க அவருக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகும்.

ஆனால் அவரும் தேடிக்கொண்டுதான் இருந்தார். கொட்டகையில், டிராக்டரில், பால் கறக்கும்போது, மனப்பாடமாய் இருந்த வேதத்தை முதலிலிருந்து கடைசிவரை மனதுக்குள் புரட்டினார். விசுவாசத்தை விட்டு விலகி, அந்த நிலையிலேயே செத்துப்போன ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒரு வாக்கு இருக்கிறதா? கெட்ட குமாரன் இருக்கிறான், ஆனால் அவன் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டான். சிலுவையில் தொங்கிய கள்ளன் இருக்கிறான், ஆனால் அவன் வாய் திறந்து கேட்டான். மரினுஸ் கேட்டானா? அந்தச் சறுக்கலில் கேட்க நேரம் இருந்ததா? அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வசந்தத்தில் குழிமேல் மண் அமுங்கிவிட்டது. கல்லறைக்குக் கல் செய்கிறவர் தொலைபேசியில் கூப்பிட்டு, பெயருக்குக் கீழே என்ன வசனம் போட வேண்டும் என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் யோசியாஸ். டிங்கமான் அதற்கு முன்பே ஜாடையாகச் சொல்லியிருந்தார்: "பேரும் தேதியும் போதும் பிரதர். வசனம் போட்டா நாலு பேரு நாலு விதமாப் படிப்பாங்க." அது அவருக்கும் சரியாகத்தான் பட்டது, வலித்தாலும்.

மறுநாள் வெங்காய விதைப்பை நிறுத்திவிட்டு அவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது, நெல்லா உருளைக்கிழங்கு தோலெடுத்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, கல்லுக்கு ஒரு வசனம் பாத்து வச்சிருக்கேன்."

"சொல்லு."

"தாவீது ராஜாவோட பிள்ள செத்துப்போனப்ப சொன்னது. நான் அதுகிட்டப் போவேன், அது என்கிட்டத் திரும்பி வராதுன்னு."

யோசியாஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"போவேன்னா, பாப்பேன்னுதானே அர்த்தம்? பிள்ள நல்ல இடத்துல இருக்கப்போய்த்தானே ராஜா தைரியமாச் சொல்றாரு. அது நம்ம மரினுஸுக்கும் பொருந்துமா? நீங்க வாசிச்சவங்க. வேற யாரு சொன்னாலும் எனக்கு வேண்டாம். நீங்க சொன்னாப் போதும்."

பொருந்தாது. அது அவருக்குக் கேள்வி முடியும் முன்பே தெரியும். அந்தப் பிள்ளை ஒரு வாரக் கைக்குழந்தை, பாவ புண்ணியம் அறியாதது. அது செத்ததும் தாவீது எழுந்து குளித்துச் சாப்பிட்டார். அதே தாவீதுக்கு வளர்ந்த பிள்ளை ஒன்று இருந்தது, அப்சலோம், அப்பனுக்கு எதிராகக் கிளம்பிப் போய் வழியிலேயே செத்தவன். அவனுக்காக ராஜா மேல்மாடிக்கு ஏறிப்போய், உனக்குப் பதில் நான் செத்திருக்கக் கூடாதா என்று கதறினார். அவனிடம் போவேன் என்று சொல்லவில்லை. முதல் பிள்ளைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை இரண்டாவது பிள்ளைக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மரினுஸ் எந்தப் பிள்ளை என்று யோசியாஸுக்குத் தெரியாதா?

நெல்லாவின் கைகள் உருளைக்கிழங்கு மாவு படிந்து மேசைமேல் கிடந்தன. குளிர்காலம் முழுக்க அவள் பாதியாகிப் போயிருந்தாள். இல்லை என்று சொன்னால் மீதியும் போய்விடும்.

"பொருந்தும்," என்றார் யோசியாஸ்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். தாராளமாப் போடலாம்."

சொல்லிவிட்டு ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வேதத்தில் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல இவ்வளவு சுலபமா என்றுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடேயே, கல்காரருக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்து தொலைபேசி அருகே போனார்.

"வேண்டாங்க," என்றாள் நெல்லா.

அவர் திரும்பினார்.

"பேரும் தேதியும் போதும்னு சொல்லிருங்க."

"ஏன் நெல்லா? இப்பத்தானே..."

"அப்சலோம் செத்த அதிகாரத்தையும் வாசிச்சிட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "பல தடவை வாசிச்சிட்டேன். அது கைப்பிள்ளைக்குச் சொன்னதுன்னு எனக்குத் தெரியும்."

யோசியாஸ் மேசைக்குத் திரும்பி வந்தார். "தெரிஞ்சே எதுக்குக் கேட்ட? என்னைச் சோதிச்சியா?"

"சோதிக்கலங்க. கெஞ்சுனேன். நான் இப்ப வாசிக்க ஆரம்பிச்சவ, நீங்க ஆயுசு பூரா வாசிச்சவங்க. எனக்குக் கிடைக்காத ஒண்ணு உங்ககிட்ட இருக்கும்னு நெனச்சேன். 'இது இல்ல நெல்லா, அந்த வசனம் வேற, நம்ம பையனுக்கு இதோ இது இருக்கு'ன்னு எடுத்துக் காட்டுவீங்கன்னு நெனச்சேன்." கத்தியை எடுத்தாள், தோலெடுக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு வசனம் இருந்திருந்தாக்கூட நீங்க பொய் சொல்லியிருக்க மாட்டீங்க. உங்களைப் பொய் சொல்ல வைக்கிற அளவுக்கு அங்க ஒண்ணுமே இல்லன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

அவர் வாயைத் திறந்தார். கடவுளின் இரக்கம் நம் அறிவுக்கு எட்டாதது என்று மூப்பராக எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறார். சொன்னால் அவள் நம்புவாளா என்று ஒரு கணம் அவளைப் பார்த்தார். பத்து நிமிஷத்துக்கு முன்பு சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். இப்போது அவர் வாயிலிருந்து வருவது எல்லாம் ஆறுதலாகத்தான் கேட்கும், வெள்ளத்துக்குப் பிறகு தலையைத் தடவிய அந்த ஆட்களின் ஆறுதல் மாதிரி.

"கெழங்கு வெந்துரும்," என்றாள் நெல்லா. "உக்காருங்க."

கல் வந்தது. சாம்பல் நிறக் கல், பெயர், இரண்டு தேதிகள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் கல்லறைப் பக்கமாக வெளியே வந்தபோது, டிங்கமான் கல்லின் முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து யோசியாஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது.

"நல்ல முடிவு பிரதர். மத்தவங்களா இருந்தா பிள்ளைப் பாசத்துல எதையாச்சும் எழுதி வச்சிருப்பாங்க. வேதத்தை ஊன்றிப் படிக்கிற குடும்பம்னா இதுதான். இல்லையா சிஸ்டர்?"

நெல்லா கல்லைப் பார்த்தபடியே கையுறையின் பொத்தானைப் போட்டாள்.

"ஆமாங்க," என்றாள். "நாங்க மூணு பேருமே படிச்சோம்."