இலுப்பூர் பஸ் எங்கே வருது?

வெள்ளிக்கிழமை வந்தாலே ரீட்டாவுக்குப் பயம். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பாடத்தில், வாரா வாரம் புராஜெக்ட் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று வகுப்பின் முன்னால் நின்று காட்ட வேண்டும். அவளும் விக்ரமும் எடுத்திருந்தது, இலுப்பூரிலிருந்து, கல்லூரி இருக்கும் புதுக்கோட்டைக்குப் போகும் பஸ் இப்போது எங்கே வருகிறது என்று போனில் காட்டும் ஆப். முதல் வாரம் லாகின் பக்கத்தைக் காட்டினார்கள். அடுத்த வாரம் அதே பக்கம் நீல நிறத்தில் வந்தது. அதற்கும் அடுத்த வாரம் அதில் ஒரு பஸ் படம் ஒட்டியிருந்தது.

“படம் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரம் அந்த பஸ் நகரணும்” என்றார் பாடம் எடுக்கும் அருள்மணி சார்.

நகர்ந்தது. திரையின் ஒரு ஓரத்தில் கிளம்பிய பஸ் படம், ஊர் ஊராகக் கடந்து மறு ஓரத்தில் போய் நின்றது. நிஜ பஸ்ஸுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விக்ரம் சும்மா நகர வைத்திருந்தான். வகுப்பு கைதட்டியது. சார் தன் போனை எடுத்து நீட்டினார்.

“இதுல ஏத்திக் குடுங்க. அன்னவாசல்ல அந்த பஸ்ஸுக்குத்தான் தினமும் காத்துக் கெடக்கேன்.”

வெளியே வந்ததும் ரீட்டா விக்ரமைப் பிடித்துக்கொண்டாள். “இப்ப என்னடா பண்றது? திங்கக்கெழம சார் பஸ்ஸ விட்டுட்டு நிப்பாரு!”

“நீ அந்த பஸ்லதான வார? ஒரு பட்டன் வச்சுத் தாரேன். ஸ்டாப் வர வர அமுக்கு. எல்லார் போன்லயும் படம் நகரும்.”

அமுக்கினாள். இலுப்பூரில் ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறவள், இப்போது கண்டக்டரை விடக் கவனமாக ஸ்டாப் பார்த்தாள். அன்னவாசலில் சார் பதறாமல் வந்து ஏறி, அவளைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டுவார். அவள் போனைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொள்வாள். அந்த வார முன்னேற்றத்துக்கு முழு மதிப்பெண் விழுந்தது.

மறு வாரம் ரீட்டா காய்ச்சலில் விழுந்தாள். அப்போதும் விடவில்லை. போர்வைக்குள் இருந்தபடி, பஸ் இந்நேரம் எங்கே வந்திருக்கும் என்று யோசித்து யோசித்து அமுக்கினாள்.

“காச்சலோட போன்ல என்னடி நோண்டுற?” என்றாள் அம்மா ஞானசெல்வி.

“பஸ் ஓட்டுறேம்மா.”

அம்மா பதறிப்போய் அவள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாள்.

அன்று பார்த்து பஸ் இலுப்பூரிலேயே பஞ்சராகி நின்றுவிட்டது. ரீட்டாவுக்கு அது தெரியாது. சார் போன் செய்தார்.

“என்னம்மா, பஸ் என்னையத் தாண்டிப் போயிருச்சுன்னு காட்டுது? நான் ரோட்டு மேலதான நிக்கிறேன்! ஒரு பஸ்ஸும் இங்கிட்டு வரலையே!”

ரீட்டாவுக்குத் தலை சுற்றியது. “சார்... சர்வருக்குக் காச்சல் சார்.”

சார் போனை வைத்துவிட்டார்.

காய்ச்சல் விட்டு அவள் கல்லூரிக்கு வந்த அன்றே சார் இருவரையும் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். ரீட்டா பட்டனைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். விக்ரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சார் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போட்ட மார்க்க எடுத்துட்டேன். வெள்ளிக்கெழம நெசமா ஓடுறதக் கொண்டு வாங்க.”

போன் இருக்கும் இடத்தை அதுவே ஆப்புக்கு அனுப்பும்படி விக்ரம் அன்று சாயங்காலத்துக்குள் எழுதி முடித்துவிட்டான்.

“இம்புட்டுத்தானாடா? இதுக்கா என்னையக் காச்சல்ல பஸ் ஓட்ட விட்ட?” ரீட்டா கையிலிருந்த புத்தகத்தால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை புதுக்கோட்டையில் பஸ் வந்து நின்றதும், அடுத்த நடைக்காகக் கண்டக்டர் அடைக்கலத்திடம் விக்ரமின் போனைக் கொடுத்துவிட்டு வகுப்பில் நின்றார்கள். திரையில் பஸ் நகர்ந்து வந்தது. திடீரென்று ஊரே இல்லாத இடத்தில் நின்றுவிட்டது. அசையவே இல்லை. பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. ரீட்டாவுக்கு வியர்த்துக் கொட்டியது. சார் அந்தப் போனுக்கே அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னங்க, பஸ் நிக்குதா?”

“ஆமா சார்! ஆட்டு மந்தை குறுக்க வந்துருச்சு. அங்கிட்டும் போக முடியல, இங்கிட்டும் போக முடியல” என்றார் அடைக்கலம். பின்னாலிருந்து ஆடுகள் கத்துவது வகுப்பு முழுக்கக் கேட்டது.

ஓடாத பஸ்ஸுக்காக ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்டு அந்த வகுப்பில் யாரும் பார்த்ததில்லை.