பதினெட்டு லட்சம் பேரும் ஒரு ஊரும்

குவாஹாரா ஷூஜியை இணையத்தில் பதினெட்டு லட்சம் பேர் பார்த்தது பந்தை உதைத்ததற்காக அல்ல, குனிந்ததற்காக.

கால்பந்திலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாக மாமனாரின் தேயிலைக் கடையில் உட்கார்ந்திருப்பவர், எதிராளியைத் தடுப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ எடுத்தார். தொடங்கும்போது வழக்கப்படி இடுப்பை வளைத்து வணங்கினார். நெற்றி இடித்து, எதிரே நிறுத்தியிருந்த செல்போன் மல்லாந்தது. அப்புறம் கடைக்கூரையும் 'மன்னிக்கணும், மன்னிக்கணும்' என்ற குரலும் மட்டும்தான்.

அதற்கு மன்னிப்புக் கேட்க மறுநாள் இன்னொரு வீடியோ. இம்முறை உஷாராக நாலடி தள்ளி நின்று குனிந்தார். பின்பக்கம் அலமாரியில் மோத, தேயிலை டப்பாக்கள் மடமடவென்று சரிந்தன. நாடே வயிறு வலிக்கச் சிரித்தது.

"மூணாவது மன்னிப்பு எப்போங்க? அப்பா கடைச் சாமானெல்லாம் ஒதுக்கி வைக்கணுமாம்," என்றாள் மனைவி சிஹோ.

வீடியோவுக்குக் கீழே வந்த ஒவ்வொரு வரிக்கும் அவர் நன்றி எழுதினார். எங்கெங்கிருந்தோ அன்பு வந்து குவிந்தது. கடை இருக்கும் சொந்த ஊரான ஷிமிஸுவிலிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. காரணம் அவருக்குத் தெரியும். அவருடைய கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டிய பந்து சொந்த வலைக்குள் உருண்டது. ஊர் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதன்பின் அவர் மைதானத்துப் பக்கமே போகவில்லை. ஊர் மன்னித்ததா என்பதைப் பதினெட்டு லட்சம் பேராலும் சொல்ல முடியாதே.

வியாழக்கிழமை மத்தியானம் கடைக்குள் நுழைந்த ஆளைக் கண்டதும் அவருக்கு வேர்த்தது. ஓனுகி. கோல் கம்பத்துக்குப் பின்னால் முரசடிக்கும் ரசிகர் தலைவர். மற்ற நாளில் மீன் சந்தையில் வேலை.

"நூறு கிராம் குடுங்க." பொட்டலம் கைக்கு வந்தும் ஓனுகி நகரவில்லை. "குவாஹாரா சான், உங்க வீடியோவ எங்காளுங்க எல்லாரும் பாத்தோம். ஒருத்தரும் எழுதல."

"புரியுது. தப்பு என்னோடது..."

"பேச விடுங்க. அந்தக் கடைசி ஆட்டம் முடிஞ்சதும் எங்க முன்னால வந்து குனிஞ்சீங்க. நாங்க வாய்க்கு வந்தபடி திட்டிட்டு, நீங்க நிமிர்றதுக்குள்ள கெளம்பிட்டோம். குனிஞ்ச மனுஷனை அப்படியே விட்டுட்டுப் போனது ஆறு வருஷமா உறுத்துது. அந்த வெக்கத்துலதான் எழுதக் கை வரல."

ஓனுகி குனிந்தார். பதறிப்போய் இவரும் குனிந்தார். மற்றவர் நிமிராமல் தான் நிமிர்வதா என்று இருவரும் அப்படியே நின்றார்கள்.

"யாராவது ஒருத்தர் தோத்துடுங்க. வாசல்ல ஆளு காத்திருக்காங்க," என்றாள் சிஹோ.

நிமிர்ந்தபோது இருவர் கண்ணும் கலங்கியிருந்தது. "சனிக்கிழமை ஆட்டம். எங்க பக்கம் வந்து நில்லுங்க," என்றார் ஓனுகி.

குவாஹாரா போனார். கூட்டத்தோடு நெருக்கியடித்து நின்று தொண்டை கட்டக் கத்தினார். ஊர் அணி ஒன்றுக்கு மூன்று என்ற கோல் கணக்கில் தோற்றது. முடிந்ததும் ரசிகர்கள் எப்போதும்போலக் குப்பை பொறுக்க இறங்கினார்கள். விருந்தாளி என்று அவரை யாரும் ஓரமாக உட்கார வைக்கவில்லை. ஒரு அம்மாள் குப்பைப் பையை நீட்டினார்.

"அந்த மூணு வரிசை உங்களோடது. பாட்டில் தனி, காகிதம் தனி. வீடியோல வந்தவர்னு சலுகையெல்லாம் கெடையாது."

இரண்டு கைகளாலும் அந்தப் பையை வாங்கிக்கொண்டார் குவாஹாரா. "ரொம்ப நன்றிங்க. நெஜமாவே ரொம்ப..."

"நன்றிய அப்புறம் சொல்லலாம்," என்றார் அம்மாள். "கேட்டை மூடிடுவாங்க."